வாயைத் திறந்து சொல்ல வேண்டியது

ஸ்ரீரங்கத்தில் "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னால் எந்தக் கோயில் என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அதைத்தான் சொல்கிறேன். எங்கள் அடுக்ககத்தின் காவலாளி, "நல்லா கும்பிட்டுட்டு வாங்க சார்" என்று வழியனுப்புகிறார். நான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, டவுனில் இருக்கும் எங்கள் மாதா கோயிலுக்குப் பூசை காணப் போகிறேன். காவலாளியைத் திருத்த வேண்டும் என்று முதலில் நினைத்தேன். திருத்தினால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. பால்கனிக் கதவைத் திறந்து, "ஆத்துக் காத்து வருதுங்க" என்றாள். அத்தோடு வீடு முடிவாகிவிட்டது. குடிவந்த அன்று அலமாரியில் மாதா சுரூபத்தை வைத்து, "பெருமாள் ஊர்ல மாதாவுக்கும் ஒரு வீடு கிடைச்சிருச்சு" என்று சிரித்தாள். அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆற்றுக் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் நாள்காட்டித் தாள் படபடக்கிறது என்று நான் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறேன்.

நான் பத்திரப்பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டையோ நிலத்தையோ எழுதிக் கொடுப்பவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். "இதை எழுதிக் கொடுத்தது நீங்கதானா? என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? சம்மதமா?" என்று நான் கேட்பேன். கேட்க வேண்டும் என்பது சட்டம். நூற்றுக்கு நூறு பேரும் தலையை ஆட்டுவார்கள். நான் தலையாட்டலை ஏற்றுக்கொண்டதில்லை. "வாயைத் திறந்து சொல்லுங்க" என்பேன். தலையாட்டுவது கழுத்தின் வேலை. சம்மதம் வேறு. இதனால் என் அலுவலகத்தில் கூட்டம் நகராது, பத்திர எழுத்தர்கள் என்னைச் சபிப்பார்கள். வீட்டில் இந்த வாக்கியத்தை வைத்தே தாயும் மகளும் என்னைக் கேலி செய்வார்கள். காபி வேண்டுமா என்று கேட்கும்போது நான் தலையாட்டினால், "வாயைத் திறந்து சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து இரண்டு குரல் வரும்.

எங்கள் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, எதை எதை நம்புகிறோம் என்று ஒரே குரலில் சொல்வோம். விசுவாசப் பிரமாணம் என்று பெயர். திருமணத்துக்கு முன்னால் மணமக்களை உட்கார வைத்துச் செபங்களை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கம் எங்களில் உண்டு. சாமியாருக்கு உதவியாக இருந்து மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் கேட்டபோது நான் பிரமாணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். என் மனைவியாகப் போகிறவள் பாதியில் மாட்டிக்கொண்டாள். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் அதே இடத்தில் நின்றுவிட்டு, "மறந்துபோச்சு உபதேசியாரே, ஆனா அந்த எடத்துல என்ன இருந்தாலும் நம்புறேன்" என்றாள். உபதேசியார் சிரித்துக்கொண்டே தேர்ச்சி கொடுத்தார். நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவளை அடக்கம் செய்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரமாணத்தின்போது என் வாய் திறக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. கடவுளோடு சண்டை போட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சொல்லப் போகும்போது, இது எனக்குத் தெரிந்துதானா, சம்மதமா என்று எனக்குள்ளேயே ஒரு சார்பதிவாளர் கேட்டார். பதில் இல்லை. சும்மா நின்றேன். உதட்டை மட்டும் அசைப்பது பொய்க் கையெழுத்துப் போடுவது மாதிரி. அதையும் செய்யவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். அவள் இருந்திருந்தால் எதிர்ப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கேட்டிருப்பாள். மூன்று வருடத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. இருநூறு குரலில் ஒரு குரல் குறைந்தால் யாருக்குத் தெரியும்? அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த ஏற்பாட்டை என் மகள் வந்து கலைத்தாள். அவள் மெல்போர்னில் இருக்கிறாள். மாப்பிள்ளையின் பெற்றோர் திருவெறும்பூரில் தொழிற்சாலைக் குடியிருப்பை விட்டு வெளியே வந்து வீடு கட்டியவர்கள். குழந்தை பிறந்து சில மாதம் கழித்து ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு, "அப்பா, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் திருச்சியிலதான். அம்மா போன கோயில்ல. நீங்கதான் ஞானத்தகப்பன்" என்றாள்.

"தாத்தா எப்படி ஞானத்தகப்பனா நிக்கிறது?"

"நிக்கலாம்ப்பா. தாய் தகப்பன்தான் நிக்கக் கூடாது. சட்டம் படிச்சிட்டுத்தான் பேசுறேன், உங்க பொண்ணாச்சே."

அவள் சொன்னது சரி. தாத்தாவுக்குத் தடை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே குரு கேள்வி கேட்பார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை நம்புகிறீர்களா என்று. குழந்தைக்குப் பேச வராது. அதனால் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும். அந்த விசுவாசத்தில்தான் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது.

"வேற யாரையாவது பாரும்மா" என்றேன்.

"நம்ம பக்கத்துல வேற யாரு இருக்கா? அம்மா இருந்தா அம்மாவை நிறுத்தியிருப்பேன். ஏன், என்னாச்சு?"

"நம்புறியான்னு கேப்பாங்க."

"நீங்க நம்பலையா?"

நான் தலையை எப்படியோ ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"வாயைத் திறந்து சொல்லுங்கப்பா" என்றாள். அந்த முறை அவள் கேலி செய்யவில்லை. நான் சிக்னல் சரியில்லை என்றேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று அவள் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுக்க வேண்டும் என்றால் அவள் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள். ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால், பொய்யை உண்மை என்று ஒருபோதும் பதிவு செய்ததில்லை என்பது எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பெருமை. இரண்டில் ஒன்று போய்விடும் போலிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். சொத்து வாங்குமுன் அது யார் யார் கை மாறி வந்தது என்று வில்லங்கம் பார்ப்பது போல, நற்செய்தி நான்கையும் எடுத்துவைத்துக்கொண்டு, யாரைப் பற்றியெல்லாம் "விசுவாசம் உள்ளவர்" என்று சொல்லியிருக்கிறது, அவர்கள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். மத்தியானங்கள் எனக்கு நிறைய இருக்கின்றன.

பிரமாணம் ஒப்பித்தவர் ஒருவர்கூட இல்லை. வருடக்கணக்காக இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் பின்னால் வந்து ஆண்டவரின் ஆடையின் ஓரத்தைத் தொட்டாள், அதுவும் யாருக்கும் தெரியாமல். உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு ரோமானியப் படை அதிகாரி, நான் போ என்றால் போகிறான், வா என்றால் வருகிறான், நீரும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார். அலுவலக நடைமுறையை வைத்துக் கடவுளைப் புரிந்துகொண்ட அந்த ஒரே மனிதர்மேல் எனக்கு உடனே பிரியம் வந்தது. இந்த அளவு விசுவாசத்தை எங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டு வாங்கியதும் அவர்தான். அப்புறம், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கப்பட்ட முடக்குவாதக்காரன். அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்து அவனுக்கு வேலை முடிந்தது. பொது அதிகாரப் பத்திரம் இல்லாமல் எப்படி முடித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பைபிளின் கடைசிப் பக்கங்களில் திருமுகம் என்ற பெயரில் உள்ள ஒரு கடிதத்தில், கடவுள் ஒருவரே என்று பிசாசுகளும் நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன என்று வருகிறது. பிசாசு என்னைவிட ஒரு படி மேலே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மத்தியானம் அது. ஆனால் அதில் ஒரு குறிப்பும் கிடைத்தது. ஒரு செய்தியைச் சரி என்று ஒத்துக்கொள்வதை மட்டும் இதையெல்லாம் எழுதியவர்கள் விசுவாசம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் ஏதோ ஒன்று. கையை நீட்டுவது, கத்துவது, ஒருவர்மேல் பாரத்தைப் போடுவது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திவைத்தது, வலிப்பு வந்த பையனைக் குணமாக்கக் கேட்டு வந்த தகப்பன். நம்புகிறவனுக்கு எல்லாம் ஆகும் என்று ஆண்டவர் சொன்னதும் அவர் நம்புகிறேன் என்று கத்துகிறார். அதே மூச்சில், நான் நம்பாமல் இருக்கிறேன், அதற்கு உதவி செய்யும் என்றும் கத்துகிறார். ஒரே வாக்குமூலத்தில் இரண்டும். என் மேஜைக்கு வந்திருந்தால் முன்னுக்குப்பின் முரண் என்று அன்றே திருப்பியிருப்பேன்.

படித்ததால் எனக்கு விசுவாசம் வந்துவிடவில்லை. வில்லங்கம் பார்த்தால் சொத்து நம்முடையதாகிவிடாது. அதனால் ஒரு சனிக்கிழமை மாலை பங்குச்சாமியாரைப் பார்த்து, முறைப்படி நானே விலகிக்கொள்ளப் போனேன். அன்று அந்த மாதத்து ஞானஸ்நானத்துக்கான ஆயத்த வகுப்பு. மகள் என் பெயரை முன்னமே கொடுத்துவிட்டிருந்தாள்.

"ஃபாதர், ஞானத்தகப்பனா நிக்க எனக்குத் தகுதியில்ல."

"யாருக்கு சார் இருக்கு தகுதி?" என்றார். நம் ஊரில் உண்மையைச் சொன்னால் பணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாமியார் இளைஞர், என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்தால் அதிகம்.

"அப்படி இல்ல ஃபாதர். கேள்வி கேட்டா எனக்கு வாய் வராது. மூணு வருஷமா பிரமாணம் சொல்றதில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது போன் வந்தது. யாரோ சாகக் கிடக்கிறார்கள், அவஸ்தைப்பூசுதலுக்கு உடனே வர வேண்டும் என்று. அடுத்த நிமிடமே இன்னொரு போன், வகுப்பெடுக்க வேண்டிய உபதேசியார் லால்குடியில் பஸ் கிடைக்காமல் நிற்கிறார் என்று. சாமியார் எண்ணெய்ச் சிமிழைத் தேடிக்கொண்டே, "சார், ஹால்ல ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. உங்களுக்கு எல்லா முறையும் தெரியும். எங்க நிக்கணும், மெழுகுவத்தி யார் பிடிக்கணும், என்ன பதில் சொல்லணும், சொல்லிக்குடுத்திருங்க" என்றார்.

"ஃபாதர், நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார். வந்து பேசுவோம்" என்று வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

விலகல் மனு கொடுக்கப் போனவனுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்து அனுப்புவது அரசாங்கத்தில்தான் நடக்கும் என்று இருந்தேன்.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று குடும்பம். முறைகளைச் சொன்னேன். அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, நெற்றியில் சிலுவை, கேள்விகள், பதில்கள். முடிக்கப் போனபோது காக்கிச் சட்டையோடு வந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். தங்கை பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கப் போகிறவர். பக்கத்தில் அவர் மனைவி.

"சார், ஒரு டவுட்டு. சாத்தானை விட்டுட்டேன்னு சொல்லணுமா?"

"ஆமாங்க."

"நான் இன்னும் பிராந்திக் கடையையே விடலையே சார்."

"சத்தமா சொல்லுய்யா, மாதா காதுலயும் விழட்டும்" என்றாள் மனைவி. ஹாலே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "இல்ல சார். அப்புறம் நம்புறியான்னு கேப்பாங்களாம்ல. சவாரி வந்தா நம்புறேன். வண்டி பஞ்சராயிட்டா அன்னைக்கு நம்பிக்கையும் பஞ்சர். இப்படி இருந்துக்கிட்டு அங்க போய் நம்புறேன்னு சொன்னா பொய்யில்லையா? ரொம்ப வருஷம் கழிச்சு என் தங்கச்சிக்குப் பொறந்தது சார் அது. நான் பொய் சொல்லி, அதுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியை நான் சாமியாரிடம் கேட்க வந்தேன். அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நிற்கிறது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் பயந்துபோயிருந்தார். வலிப்பு வந்த பையனின் தகப்பனைப் பற்றிச் சொன்னேன். நம்புகிறேன், நம்பவில்லை, உதவி செய்யும், மூன்றையும் சேர்த்துக் கத்தியவரைப் பற்றி.

"ரெண்டையும் ஒரே வாயால சொன்னா செல்லுமா சார்?"

"எங்க ஆபீஸ்ல செல்லாது."

"அங்க?"

"அங்க அந்தப் பையன் எழுந்து நின்னான்."

அவர் மனைவியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்களும் அன்னைக்கு நிக்கிறீங்கதான சார்? எங்கிட்டயே நில்லுங்க. நீங்க சொன்னீங்கன்னா, நான் அப்படியே சேர்ந்து சொல்லிடுவேன்" என்றார்.

"சாரை நம்பித்தான் பொழப்பு இனிமே" என்றாள் மனைவி.

சாமியார் அன்று திரும்பி வரவில்லை. காத்திருந்துவிட்டு பஸ் ஏறினேன். பாலத்தில் பஸ் நின்று நின்று நகர்ந்தது. கீழே ஆறு மணலாகக் கிடந்தது. என் வாயை நம்பி இன்னொருவர் வாய் இருக்கிறது என்பது விசித்திரமான தொந்தரவாக இருந்தது. மூன்று வருடமாக என்னிடம் யாரும் எதற்கும் வந்ததில்லை.

மகள் வந்தாள். வீடு குழந்தைத் துணியாலும் பால் புட்டியாலும் நிறைந்தது. ஒரு வேலையும் இல்லாதபோதும் நான் குறுக்கே நின்றுகொண்டிருந்தேன். அவள் ஞானஸ்நானப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பால்கனிக் கதவை மட்டும் விரியத் திறந்து வைத்தாள். நாள்காட்டி படபடத்தது. மூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தொட்டியைச் சுற்றி நின்றோம். ஆட்டோக்காரர் சலவைச் சட்டையில், தலையை அழுந்த வாரி, சொன்னபடியே என் பக்கத்தில் வந்து நின்றார். சாத்தானை விடும் கேள்விகள் முடிந்தன. அவற்றுக்குப் பதில் சொல்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. சாத்தானோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பிறகு முதல் கேள்வி வந்தது. விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையை நம்புகிறீர்களா?

எல்லோரும் "நம்புகிறேன்" என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தேன். ஆட்டோக்காரரின் உதடு இறுக மூடியிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த தங்கை பிள்ளை அவர் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தது. கேலியும் குற்றச்சாட்டும் அந்தப் பார்வையில் இல்லை. பஸ் வருமா என்று சாலையைப் பார்ப்பவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

இரண்டாவது கேள்விக்கு, மகனை நம்புகிறீர்களா என்பதற்கு, நான் "நம்புகிறேன்" என்றேன். பழக்கம் விட்டுப்போனதால் அளவு தெரியவில்லை. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக, பதிவு அலுவலகத்தில் கூப்பிடும் குரலில் வந்தது. சாமியார் நிமிர்ந்தார். மகள் திரும்பினாள். மூன்றாவதற்கும் சொன்னேன், கொஞ்சம் தணித்து. ஒவ்வொரு முறையும் வலிப்பு வந்த பையனின் தகப்பன் சொன்ன மீதி வாக்கியத்தை உள்ளுக்குள் சேர்த்துக்கொண்டேன். வெளியே சொன்னது அரைப் பத்திரம்தான். எனக்குத் தெரியும்.

தண்ணீர் பட்டதும் பேத்தி வீறிட்டாள். ஆட்டோக்காரர் கையில் இருந்த பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆட்டோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார். தப்பிச்சேன்."

"நீங்களும் தைரியமா சொன்னீங்க" என்றேன்.

"நானா? நான் எங்க சார் சொன்னேன்? உங்க சத்தமே ரெண்டு ஆளுக்குக் காணும்னு நான் வாயே தொறக்கல."

"அதானே பார்த்தேன்!" என்றாள் அவர் மனைவி. "சாமி பாட்டு போட்டா மட்டும் ஊருக்குக் கேக்கப் பாடுவ."

நான் சிரித்தேன். வெகுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அவருக்காகத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவைத்திருந்தேன். அவரோ சொல்லவே இல்லை. அப்படியானால் நான் யாருக்காகச் சொன்னேன்? அந்த வரிசையில் கட்டிலைத் தூக்கி வந்தவர் யார், கட்டிலில் கிடந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏர்போர்ட்டில் உள்ளே போகுமுன் மகள் கேட்டாள்.

"அன்னைக்குச் சொன்னது நிஜமாப்பா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"அது தெரிஞ்சா சொல்றேன்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு என் கன்னத்தை ஒரு முறை தடவினாள், அவள் அம்மா செய்வது போல. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். ஆண்கள் பக்கத்தில் என் வழக்கமான இடத்தில் நின்றேன். பக்கத்து இடத்தை யாரும் உட்காராதபடி கொஞ்ச நேரம் குடையை வைத்துப் பிடித்திருந்தேன். ஆட்டோக்காரர் வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குச் சவாரி நிறைய இருக்கும். பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் எழுந்தோம். பிரமாணம் ஆரம்பித்தது.

முதல் வாக்கியத்தைச் சொன்னேன். முழுதாக, வாயைத் திறந்து. அடுத்த வாக்கியத்தில் குரல் நின்றுவிட்டது. இந்த முறை பக்கத்தில் காத்திருக்கும் உதடு எதுவும் இல்லை. எதிர்ப் பக்கத்தில் அவள் எப்போதும் நிற்கும் தூணோரத்தைப் பார்த்தேன். வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு. மூன்று வருடம் நான் வாயை மூடி நின்றதையும் யாரும் கவனிக்கவில்லை. அன்று திறந்ததையும் கவனிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். வாசலில் காவலாளி, "நல்லா கும்பிட்டீங்களா சார்?" என்றார்.

தலையை ஆட்டப் போனேன். ஆட்டாமல், "ஒரு வரி" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. "போதும் சார்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார்.